புனலில் சுழலும் நாணயமும் நாம் தொலைத்த ‘போல’வும்

(நீண்ட பதிவு. இயற்பியல் துறையினரும் மொழித்துறையினரும் இறுதிவரை படித்துவிட்டு மறுக்க வேண்டுகிறேன்.)

ஒரு வாரமாக ஆய்வாளர் குழுக்களில் ஒரே காணொளி வலம்வருகிறது. வணிக வளாகமொன்றில் அகன்ற வாயுடைய நெகிழிப் புனல். அதன் விளிம்பிலுள்ள சாய்தடத்தில் ஒரு குழந்தை ஐந்து ரூபாய் நாணயத்தை உருட்டிவிடுகிறது. நாணயம் பெருவட்டமாகத் தொடங்கி, வட்டம் சுருங்கச் சுருங்க உள்ளே இறங்கி, இறுதியில் கண் தொடர முடியாதபடி சுழன்று, ஓசை கூர்மையாகித் துளைக்குள் மறைகிறது. அமெரிக்காவில் 1980களில் நன்கொடை திரட்டப் பரவிய உண்டியல் இது. பிறகு அறிவியல் மையங்களுக்குள் நுழைந்து ‘ஈர்ப்புக் கிணறு’ என்ற பெயரையும் பெற்றுக்கொண்டது. காசு போடுபவர்க்கு மகிழ்ச்சி, வாங்குபவர்க்கு வருவாய். அதில் எனக்கொரு குறையும் இல்லை.

குறை, காணொளியின் கீழே எழுதப்பட்டிருக்கும் இரண்டு வாக்கியங்களில். முதல் வாக்கியம்: “கோள்கள் சூரியனை இப்படித்தான் சுற்றுகின்றன.” இரண்டாவது: “மையத்தை நெருங்க நெருங்க நாணயத்தின் வேகம் கூடுவதற்குக் காரணம் கோண உந்த அழிவின்மை விதி.” இவ்விரண்டையும் பகிர்ந்தவர்களுள் இயற்பியல் கற்பிப்போர் உண்டு, முனைவர் பட்டம் பெற்றோர் உண்டு. இரண்டும் பிழை. முதலாவது ஓரளவு பிழை. இரண்டாவது முழுப் பிழை.

‘மொழியியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்கப்படும். எனக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வடகரப்பதிக்காரன். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோவை மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஊராட்சி. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தமிழ் பேசும் எங்கள் ஊர்கள் கேரளத்தின் பக்கம் நின்றன. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் எனத் தொடரும் இந்தப் பகுதியில் தமிழ்வழிப் பிரிவுகள் உள்ள பள்ளிகள் உண்டு. பாடநூல் கேரள அரசு அச்சிட்டது. அதன் மொழி தமிழ். போட்டிக்குப் போனால் நடுவர் பேசுவது மலையாளம். கைப்பேசியில் பார்ப்பது தமிழ்நாட்டுக் காணொளி. ஒரே விதியை ஒரு பிள்ளை மூன்று சொல்லால் கேட்கும் நிலம் இது.

ஈராண்டுக்கு முன் சாஸ்திர மேளா ஒன்றில் தமிழ்வழி மாணவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையொருத்தி, பழைய பிளக்ஸ் தட்டியைக் கூம்பாகச் சுருட்டி, கம்பி வளையத்தில் கட்டி, அதனுள் கோலிக்குண்டையும் நாணயத்தையும் உருட்டிக் காட்டினாள். கைப்பேசியில் படம்பிடித்து, படச்சட்டங்களை எண்ணி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆன நேரத்தைத் தாளில் எழுதியிருந்தாள். அட்டவணைக்குக் கீழே தன் கண்டுபிடிப்பை ஒரு வரியாக எழுதியிருந்தாள். என்னிடம் அதை இப்படிச் சொன்னாள்:

“வேகமாப் போகலீங்கண்ணா. கீழ வர வர மெதுவாத்தான் போகுது. சுத்துதான் சின்னதாயிருது, அதனால சீக்கிரம் முடிஞ்சிருது.”

நான் மொழிபெயர்த்தேன். வேகம் குறைகிறது என்றும், வேகமாகச் சுற்றுகிறது என்றும் மலையாளத்தில் சொன்னேன். அவள் இரண்டு வெவ்வேறு அளவுகளைச் சொன்னாள். நான் இரண்டுக்கும் ஒரே ‘வேகத’யைப் போட்டேன். நடுவர் புன்னகைத்தார். குறைவதும் கூடுவதும் ஒன்றாக எப்படி நிகழும் என்று கேட்டார். பிறகு, பனிச்சறுக்கு ஆடுபவர் விரித்த கைகளை மடக்கிக்கொண்டால் விரைந்து சுழல்வதை எடுத்துக்காட்டி, கோணீய ஆக்கம் மாறாதிருப்பதால் உள்ளே வர வர வேகம் கூடியே தீரும் என்று விளக்கினார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். மலையாளப் பாடநூலில் உந்தத்துக்குச் சொல் ‘ஆக்கம்’. எங்கள் வீட்டில் ஆக்குவது சோறு. நான் ‘உந்தம்’ என்று சொல்லித் திருத்துவதற்குள் அவளது வரியின் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்துவிட்டது.

அன்றிரவு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவள் எழுதியது சரி. நடுவர் சொன்னது பிழை. நான் மொழிபெயர்த்தது இரண்டைவிடவும் மோசம்.

இனி இயற்பியல். புனலின் சுவரில் நாணயம் ஏறக்குறைய வட்டமாக ஓடுகிறது. வட்டத்தில் ஓடும் எதற்கும் மையத்தை நோக்கித் தள்ளும் விசையொன்று வேண்டும். இங்கே அதைத் தருவது சாய்ந்த சுவர். சுவர் எடையைத் தாங்கிக்கொண்டே நாணயத்தை உள்நோக்கியும் தள்ளுகிறது. சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு உள்நோக்கிய தள்ளுதல். கணக்கிட்டால் கிடைப்பது மிக எளிய உறவு: வேகத்தின் வருக்கம் என்பது புவியீர்ப்பு முடுக்கத்தை ஆரத்தாலும் சரிவாலும் பெருக்கிய தொகை. சரிவு என்று நான் சொல்வது, கிடைமட்டமாக ஒரு சென்டிமீட்டர் உள்ளே நகர்ந்தால் சுவர் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்பதை. (உருளும் பொருளின் தற்சுழற்சி தரும் திருத்தத்தை ஒதுக்கிவைக்கிறேன், கீழே சொல்லப்போகும் முடிவுகளின் போக்கை அது மாற்றுவதில்லை.)

ஆக, உள்ளே வரும்போது வேகம் கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிப்பது புனலின் வடிவம். எந்தப் பெருவிதியும் அதைத் தனியே நின்று தீர்மானிப்பதில்லை. ஆரம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூம்பில் சரிவு எங்கும் ஒன்றே; எனவே வேகத்தின் வருக்கமும் பாதியாகிறது. 45 பாகைச் சாய்வுள்ள கூம்பில் 20 சென்டிமீட்டர் ஆரத்தில் ஓடும் பொருளுக்கு வினாடிக்கு 1.4 மீட்டர் வேகம் வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.9 வினாடி. ஆரம் 5 சென்டிமீட்டராகச் சுருங்கும்போது வேகம் 0.7 மீட்டர், சுற்றுக்கு 0.45 வினாடி. வேகம் பாதியாகிவிட்டது, சுற்றுகளோ இருமடங்கு விரைவில் முடிகின்றன. அந்தப் பிள்ளை சொன்னது இதுவே.

ஆரம் பாதியாகும்போது சரிவு இருமடங்காகும் வடிவில் வேகம் மாறவே மாறாது. சுற்றுக்காலம் மட்டும் பாதியாகும். ஆரம் பாதியாகும்போது சரிவு நான்கு மடங்காக வளரும் வடிவில்தான் வேகம் 1.4 மடங்காகக் கூடும். கோள்களின் வட்டப்பாதைகளைப் பின்பற்றும் வடிவம் இந்தக் கடைசி ஒன்று மட்டுமே. வணிக வளாகத்துப் புனல் எந்த வடிவில் வார்க்கப்பட்டதென்று பகிர்ந்தவர்களுள் ஒருவராவது அளந்து பார்த்தாரா? காணொளியில் நாம் காண்பது சுற்றுகள் விரைவதை. அது மூன்று வடிவங்களிலும் நிகழும். அதைக் கண்டு ‘வேகம் கூடுகிறது’ என்று எழுதுவது, பார்த்ததை விட்டுவிட்டு மனப்பாடம் செய்ததை எழுதுவது.

இப்போது இரண்டாம் வாக்கியத்துக்கு வருகிறேன். என் சினம் முழுவதும் அதன்மேல்தான்.

உராய்வே இல்லாத புனலொன்றைக் கற்பனை செய்யுங்கள். ஈர்ப்பு நேர் கீழே இழுக்கிறது. சுவர் மைய அச்சை நோக்கியும் மேல்நோக்கியும் தள்ளுகிறது. இவ்விரண்டுக்கும் அச்சைப் பற்றிய திருப்புவிசை சுழியம். எனவே கோண உந்தம் மாறாது. மாறாவிட்டால் என்ன நடக்கும்? நாணயம் துளைக்குள் விழவே விழாது. வட்டமாக விட்டால் அதே உயரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சாய்வாக விட்டால் இரண்டு உயரங்களுக்கிடையே இறங்கியும் ஏறியும் சுற்றும். கோண உந்தம் அழியாதிருந்தால் உண்டியலில் ஒரு காசும் சேராது. நாணயம் துளையை அடைகிறதென்றால் அதன் கோண உந்தம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது என்பதே பொருள். உருளல் தடையும் காற்றும் அதைச் சிறுகச் சிறுகத் தின்கின்றன. ஒரு நிகழ்வு எந்த விதியின் மீறலால் நடக்கிறதோ, அதே விதியை அந்நிகழ்வுக்குக் காரணமாகக் கற்பிக்கிறோம். பனிச்சறுக்கு ஆடுபவரை எடுத்துக்காட்டாகக் கொண்டுவருவதும் பொருந்தாது. அவர் தம் தசையின் உழைப்பால் கையை மடக்குகிறார். அவரைத் திருப்பும் புறவிசை ஏறக்குறைய இல்லை. நாணயத்தை உள்ளே கொண்டுவருவது இழப்பு.

இழப்பால் வேகம் கூட முடியுமா என்றால், சரியான வடிவில் முடியும். சரிவு போதிய அளவு வளரும் புனலில், இறங்குவதால் விடுபடும் நிலையாற்றலில் ஒரு பங்கு உராய்வுக்குப் போகிறது, மறுபங்கு இயக்க ஆற்றலாகிறது. கோள்களுக்கு ஒத்த வடிவில் இந்தப் பங்கீடு சரிபாதி. வானத்தில் இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2007இல் ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-2 செயற்கைக்கோளை இஸ்ரோ ஏறத்தாழ 635 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 380 கிலோமீட்டருக்குத் தாழ்த்தியது. மீதியைக் காற்றுமண்டலத்தின் இழுவை பார்த்துக்கொண்டது. 2024 பிப்ரவரி 14 அன்று அது இந்தியப் பெருங்கடல் மேலே வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. 635 கிலோமீட்டர் உயரத்துச் சுற்றுப்பாதையில் வேகம் வினாடிக்கு 7.54 கிலோமீட்டர், 380இல் 7.68. ஓட்டத்துக்கு எதிராகத் தடுத்ததால் விரைவு கூடியது. கோண உந்தமோ ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்தது. பெருக்கிப் பார்க்கக் கணிப்பொறிகூட வேண்டாம். நாணயப் புனலுக்கு வானத்தில் உறவினர் வேண்டுமென்றால் விழுந்துகொண்டிருக்கும் செயற்கைக்கோளைக் காட்டுங்கள். 1974இல் ஹல்சும் டெய்லரும் கண்டறிந்த இரட்டைத் துடிப்பு விண்மீனைக் காட்டுங்கள். 7.75 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் அவ்விரு விண்மீன்களின் சுற்றுக்காலம், ஈர்ப்பலைகளாக ஆற்றல் வெளியேறுவதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 76 மைக்ரோவினாடி குறைந்துவருகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான கருந்துளைகளின் இணைவிலும் சுற்று விரைந்து விரைந்து கீச்சென்று முடிந்தது. உண்டியலில் நாணயத்தின் கடைசி ஓசையைக் கேட்டவர்க்கு இந்த உவமை உடனே விளங்கும்.

கோள்களைக் காட்டுவதுதான் சிக்கல். புவி ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளாகச் சுற்றுகிறது; எந்தப் புனலிலும் உருளவில்லை. புனலைக் காட்டி ‘இப்படித்தான்’ என்றால், ‘அப்படியென்றால் நாமும் ஒருநாள் சூரியனுக்குள் விழுந்துவிடுவோமா?’ என்று குழந்தை கேட்கும். கேட்பது அறிவின் அடையாளம். அதற்கு ‘அது வேறு’ என்று பதில் சொல்வோமானால், ‘இப்படித்தான்’ என்று ஏன் சொன்னோம்?

இழுத்துக் கட்டிய துணியின் நடுவே கனமான குண்டை வைத்து, சுற்றிலும் கோலிகளை ஓடவிடும் செயல்விளக்கத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேரி ஒயிட், மைக்கேல் வாக்கர் என்ற இருவர் 2002இல் அமெரிக்க இயற்பியல் இதழில் அந்தத் துணியின் வடிவத்தைக் கணக்கிட்டு, அதன்மேல் ஓடும் வட்டங்களின் சுற்றுக்காலத்தை வருவித்தார்கள். கெப்ளரின் விதியில் சுற்றுக்காலத்தின் வருக்கம் ஆரத்தின் முப்படிக்கு நேர்விகிதம். துணியில் சுற்றுக்காலத்தின் முப்படி ஆரத்தின் வருக்கத்துக்கு நேர்விகிதம். எண்கள் இடம் மாறி நிற்கின்றன! அதாவது துணியில் மையத்தை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது. வானத்திலோ தொலைவிலுள்ள நெப்டியூன் வினாடிக்கு 5.4 கிலோமீட்டரும் சூரியனை ஒட்டிய புதன் 47 கிலோமீட்டரும் ஓடுகின்றன. நேர்மாறான போக்கைக் காட்டும் துணியைக் கோள்களின் சான்றாக மேடையேற்றுகிறோம்.

‘கோள்களுக்கு ஒத்த வடிவிலேயே புனலை வார்த்துவிட்டால்?’ என்று நண்பரொருவர் கேட்டார். வட்டப்பாதைக்கு ஒத்துவரும், நீள்வட்டத்துக்கு வராது. புனலில் உள்ளே வருபவர் கீழேயும் இறங்க வேண்டும். அந்தச் செங்குத்து ஓட்டத்துக்கும் ஆற்றல் செலவாகிறது. கோளுக்கு அப்படியொரு செலவு இல்லை. சரிவு 45 பாகையாக உள்ள இடத்தில் கணக்கிட்டால், பொருள் ஒருமுறை நெருங்கி விலகி மீண்டும் நெருங்குவதற்குள் ஒன்றே கால் சுற்றையும் தாண்டி, 1.41 சுற்று முடித்துவிடுகிறது. கோளுக்கு அது சரியாக ஒரு சுற்று. அதனால்தான் நீள்வட்டம் மூடிக்கொள்கிறது. புனலில் பாதை மூடாது, பூவிதழ்கள் போலத் திரும்பிக்கொண்டே போகும். எந்த வடிவில் வார்த்தாலும் கோள்களின் நீள்வட்டங்கள் எல்லாவற்றையும் தரும் சுழல்பரப்பு கிடையாது.

பிறகு புனல் வடிவம் எங்கிருந்து வந்தது? ஈர்ப்பு நிலையாற்றலைத் தொலைவுக்கு எதிராக வரைந்து, அந்த வரைகோட்டைச் சுழற்றினால் புனல் வடிவம் கிடைக்கிறது. அங்கே உயரம் என்பது ஆற்றல், இடம் அன்று. சூரியனைச் சுற்றி ஒரு பள்ளமும் இல்லை. கோள்கள் ஏறக்குறைய ஒரே தளத்தில் ஓடுகின்றன. தாளில் வரைந்த பள்ளத்தை நெகிழியில் வார்த்து, பிறகு அதையே வானத்தில் இருப்பதாகச் சொல்லத் தொடங்கிவிட்டோம். துணியைக் காட்டி ஐன்ஸ்டைனை விளக்குவோர் இன்னொரு வட்டத்திலும் சிக்குகிறார்கள்: துணி ஏன் பள்ளமாகிறது, கோலி ஏன் பள்ளத்தை நோக்கி உருளுகிறது என்று கேட்டால், கீழே புவி இழுப்பதால் என்பதே விடை. ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன்வாங்குகிறார்கள். மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வகைவகையாகப் பிரித்துவைத்திருக்கிறது. தமிழ் படித்தவர்க்கு இது புதுச் செய்தியாக இருக்கக் கூடாது.

இங்கேதான் என் துறையின் பங்கு வருகிறது. தொல்காப்பிய உவமவியல் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு வகைகளைச் சொல்கிறது. புலியைப் போலப் பாய்ந்தான் என்றால் ஒப்புமை பாய்ச்சலில் மட்டும். அவனுக்கு வாலைத் தேடக் கூடாது. மழையைப் போலக் கொடுத்தான் என்றால் ஒப்புமை பயனில். நனைந்தோமா என்று கேட்கக் கூடாது. எதில் ஒப்பு என்று சொல்வதோடு எதில் ஒப்பில்லை என்பதையும் கேட்பவர் அறிந்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கு நம் இலக்கண மரபில் இருக்கிறது. புனலுக்கும் ஈர்ப்புக்கும் மெய்யில் ஓர் ஒப்பு உண்டு, அதுவும் ஆற்றலின் வரைபடத்தோடு. வினையில் பாதி ஒப்பு: இரண்டும் சுற்றுகின்றன; ஒன்று விழுகிறது, மற்றொன்று விழுவதில்லை. ‘போல’ என்ற ஒரு சொல்லை வாக்கியத்தில் வைத்திருந்தால் ‘எதில்?’ என்ற கேள்வி தானே எழுந்திருக்கும். அதை எடுத்துவிட்டு ‘இப்படித்தான்’ என்று தேற்றச்சொல் போட்டோம். உவமை சட்டமாகிவிட்டது.

இன்னொன்று ‘அழிவின்மை’ என்ற சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அழிவின்மை, இலங்கையில் காப்பு, மலையாளத்தில் சம்ரக்ஷணம். மூன்றுமே விதியின் பாதியைத்தான் சொல்கின்றன. விதி ஒரு நிபந்தனை வாக்கியம்: புறத் திருப்புவிசை இல்லையெனின் கோண உந்தம் மாறாது. அந்த ‘எனின்’ தொகைச்சொல்லுக்குள் நுழைய இடமில்லாமல் வெளியே நின்றுவிடுகிறது. ‘இன்மை’ என்று முடியும் பெயர்ச்சொல், கேட்பவர் மனத்தில் எப்போதும் உண்மையான ஒரு பண்பாகப் பதிகிறது. மாணவர் விதியின் பெயரை மனப்பாடம் செய்கிறார், எனினை மறக்கிறார், ஆசிரியராகி அதையே தருகிறார். ஆங்கிலவழியிலும் இதே நோய்தான் என்பதற்கு அந்தக் காணொளியின் மூல வாக்கியங்களே சான்று. அவை ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி பெயர்க்கப்பட்டவை என்பது வாக்கிய அமைப்பிலேயே தெரிகிறது.

எனவே, ‘தமிழில் அறிவியல் சொல்ல முடியாது, பாருங்கள்’ என்று இந்தப் பதிவைக் காட்டிக் கிளம்பவிருக்கும் அன்பர்கள் அமரலாம். அந்தக் கூம்பின் முன்னே துல்லியமாகப் பேசியது அந்தப் பிள்ளையின் தமிழ். ‘மெதுவாப் போகுது, சீக்கிரம் முடிஞ்சிருது’ என்ற ஈரடியில் நேர்வேகமும் சுற்றுக்காலமும் தனித்தனியே நிற்கின்றன. குழப்பியது படித்த என் மொழி. ‘வேகம்’ என்பதை ஓட்டத்துக்கும் சுழற்சிக்கும் ஒருசேரப் பயன்படுத்தும் வழக்கம் நம் எழுத்தில் ஊறிவிட்டது. மலையாளத்தில் வேகம், பிரவேகம் எனவும் தமிழில் வேகம், திசைவேகம் எனவும் பிரித்துவைத்தும் பயனில்லை. அப்பிரிவு திசையைப் பற்றியது. இங்கே வேண்டியது ஓட்டத்தையும் சுற்றையும் பிரிக்கும் பிரிவு. அதற்கு ‘கோணத் திசைவேகம்’ உண்டு என்பீர்கள். உண்டு, பதினொன்றாம் வகுப்பில். ஒன்பதாம் வகுப்புக்கு ‘சுற்று விரைகிறது, ஓட்டம் தளர்கிறது’ என்றால் போதும்.

தனித்தமிழ் அன்பர்களுக்கும் ஒரு சொல். புதுக் கலைச்சொல் ஆக்கித் தந்தால் தீரும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். ‘புனல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத் தமிழில் அது ஓடும் நீர். இன்று மண்ணெண்ணெய் ஊற்றும் கருவிக்கும் ஆய்வகத்துப் பிரிபுனலுக்கும் அதுவே பெயர். ஆங்கிலச் சொல்லின் ஒலிச்சாயல் அதில் இருப்பது வெளிப்படை. யாருக்கும் ஒரு குழப்பமும் நேரவில்லை. சொல் எங்கிருந்து வந்தாலும் வாக்கியம் சரியாக இருந்தால் பொருள் நிற்கும். வாக்கியம் பிழையானால் தூய சொல்லும் காப்பாற்றாது.

‘ஒரு விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு ஆவேசமா, ஆர்வத்தைத் தூண்டினால் போதாதா?’ என்பது எனக்கு வரப்போகும் மறுமொழிகளுள் முதன்மையானது. ஆர்வம் தூண்டப்பட்ட ஒரு பிள்ளை என்ன ஆனாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவள் யாரோ சொன்னதை நம்பாமல் படச்சட்டங்களை எண்ணினாள். அடுத்த ஆண்டு மேளாவுக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. பெயர் கொடுக்காததற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். சிவப்புக் கோடு அவற்றுள் ஒன்றில்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொள்ள விரும்பவில்லை. திருவிழாத் திடலில் மரணக்கிணற்றைப் பார்த்துவிட்டு ‘எப்படி அண்ணா விழாம ஓட்டறாங்க?’ என்று கேட்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய. அங்கே சுவர் செங்குத்து. ஓட்டுநரைத் தாங்குவது உராய்வு. புனலில் நாணயத்தை வீழ்த்துவது உராய்வு. இந்த ஒன்றை வைத்தே ஒரு பாடவேளை முழுவதும் பேசலாம். பேசாமல், கோள்கள் என்று வானத்தைக் காட்டிவிட்டு நகர்கிறோம்.

காணொளியைப் பகிர்ந்த பேராசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அதை நீக்க வேண்டாம், அழகான காணொளி. வாக்கியங்களை மட்டும் மாற்றுங்கள். முதலாவது: “ஆற்றலை இழந்து விழும் செயற்கைக்கோளைப் போல, இந்த நாணயமும் சுற்றிச் சுற்றி இறங்குகிறது.” இரண்டாவது: “உராய்வு நாணயத்தின் கோண உந்தத்தைக் குறைப்பதால் வட்டம் சுருங்குகிறது, ஓட்டம் விரைகிறதா தளர்கிறதா என்பது புனலின் சரிவைப் பொறுத்தது.” முந்தைய வாக்கியங்களைவிடச் சற்றே நீளம், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளையின் கூம்பைப் போலவே ஒன்றை நானும் பிளக்ஸ் தட்டியில் செய்து வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். 10 ரூபாய் நாணயமும் 20 ரூபாய் நாணயமும் ஒரே 27 மில்லிமீட்டர் குறுக்களவு. ஆனால் பன்னிரு முனையுடைய இருபது, சுவரில் தட்டித் தட்டி ஆற்றலை இழந்து முதலில் விழுகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் சனிக்கிழமை மாலை வரலாம். கைப்பேசியில் படம்பிடித்து நீங்களே எண்ணிப் பாருங்கள். வரும்போது கோலிக்குண்டு கொண்டுவாருங்கள். என்னிடமிருந்தவற்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.